வராமல் போன பனி: ஸ்வால்பார்ட் பயணக் குறிப்புகள்

திங்கள், லாங்யியர்பியென்

வந்து சேர்ந்தாச்சு. நார்வேயின் வடகோடிக்கும் வட துருவத்துக்கும் ஏறக்குறைய நடுவில் கிடக்கும் தீவுக்கூட்டம் ஸ்வால்பார்ட். அதில் சுமார் 2,500 பேர் வசிக்கும் ஊர் லாங்யியர்பியென், 78 டிகிரி வடக்கு. ஜூலை முதல் வாரம் என்பதால் சூரியன் மறைவதே இல்லை. இரவு பதினொன்றரைக்கு ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் இதை எழுத முடிகிறது.

ஊருக்கு எதிரே விரிந்து கிடப்பது இஸ்ஃபியோர்டு, மலைகளுக்கு நடுவே உள்ளே நுழைந்த பெரிய கடல். இப்படிப்பட்ட கடல் நுழைவைத்தான் ஃபியோர்டு என்கிறார்கள். படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "பனியைப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனே, வெறும் தண்ணிதானேடி தெரியுது" என்றார். ஜூலையில் இங்கே தண்ணீர்தான் தெரிய வேண்டும், அதில் தப்பே இல்லை. விஷயம் குளிர்காலத்தில் இருக்கிறது. 2005 வாக்கில் வரைக்கும் குளிர்காலத்தில் இந்தக் கடல் நுழைவுகள் உறைவது வழக்கம், ஊர்க்காரர்கள் பனி ஸ்கூட்டரில் கடல்மேலேயே ஓட்டிக்கொண்டு அக்கரைக்குப் போய் வருவார்கள். 2006க்குப் பிறகு பெரும்பாலான குளிர்காலங்களில் இஸ்ஃபியோர்டின் நடுப்பகுதி திறந்தே கிடக்கிறது. உள்ளே தள்ளியிருக்கும் கிளைகள் சில வருடம் உறையும், சில வருடம் பேருக்கு உறையும். பிப்ரவரி மாதம், 78 டிகிரி வடக்கு, சூரியன் இன்னும் சரியாக எட்டிப் பார்க்காத காலம், அப்போதும் கடல் அலையடித்துக்கொண்டிருக்கிறது என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

காரணம் கீழிருந்து வருகிறது. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டத்தின் கடைசிக் கிளை ஒன்று ஸ்வால்பார்டின் பெரிய தீவான ஸ்பிட்ஸ்பெர்கனின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கே ஏறுகிறது. அது முன்பும் இருந்ததுதான், அதனால்தான் இவ்வளவு வடக்கே கப்பல் வர முடிந்தது, சுரங்கம் தோண்ட முடிந்தது. இப்போது அந்த நீர் இன்னும் சூடாகி, கடல் நுழைவுகளுக்குள்ளும் அடிக்கடி புகுந்துவிடுகிறது. மேலே காற்றும் சூடு. 1979க்குப் பிறகு ஆர்க்டிக் முழுவதும் உலகச் சராசரியைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருக்கிறது என்று 2022இல் வந்த ஆய்வு சொன்னது. ஸ்வால்பார்ட் அந்த ஆர்க்டிக் சராசரியையும் தாண்டிப் போகும் இடம்.

மாலை ஊரைச் சுற்றி நடந்தேன். வீடுகள் எல்லாம் மரத்தூண்கள் மேல் நிற்கின்றன, அடியில் எப்போதும் உறைந்தே இருக்கும் மண் என்ற நம்பிக்கையில் கட்டியவை. அந்த மண்ணின் மேற்பகுதி வருடா வருடம் இன்னும் ஆழமாக இளகுகிறது. மலையடிவாரத்தில் ஒரு பகுதி வெறுமையாக இருக்கிறது. 2015 டிசம்பர் 19 அன்று பனிச்சரிவு இறங்கி 11 வீடுகளை அடித்துத் தள்ளிய இடத்தை ஒட்டிய பகுதி அது. இரண்டு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஆபத்தான இடத்திலிருந்த வீடுகளை இடித்துவிட்டு, மேலே தடுப்புகள் கட்டியிருக்கிறார்கள்.

செவ்வாய், கொங்ஸ்ஃபியோர்டு

இரவோடு இரவாகக் கப்பல் வடக்கே வந்துவிட்டது. சிறிய கப்பல். ஸ்வால்பார்டைச் சுற்றியுள்ள கடலில் கன எரிபொருள் எண்ணெய்க்கு 2022இலிருந்து முழுத் தடை என்பதால் டீசலில் ஓடுகிறது.

நி-ஓலசுண்ட் என்ற ஆராய்ச்சிக் கிராமத்தில் இறங்குவதற்கு முன்பே கைப்பேசியில் வைஃபை, புளூடூத் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டார்கள். விண்வெளியிலிருந்து வரும் மிக மெல்லிய ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ஆண்டெனாக்கள் இங்கே இருக்கின்றன, நம் கைப்பேசி அதைக் கெடுத்துவிடும். இது ஒரு காலத்தில் நிலக்கரி ஊர். 1962இல் சுரங்க வெடிப்பில் 21 பேர் இறந்த பிறகு சுரங்கத்தை மூடினார்கள். இன்று பல நாட்டு ஆய்வு நிலையங்கள். 2008 ஜூலையிலிருந்து இந்தியாவின் ஹிமாத்ரியும் இங்கே இருக்கிறது. உள்ளே போக அனுமதி கிடையாது, வெளியே நின்று பெயர்ப்பலகையைப் பார்த்தேன், நெஞ்சு நிறைந்தது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. இந்த ஃபியோர்டுக்குள் 192 மீட்டர் ஆழத்தில் இண்டார்க் என்ற கருவித்தொகுதியை 2014 ஜூலையில் இந்திய விஞ்ஞானிகள் நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். வெவ்வேறு ஆழங்களில் நீரின் வெப்பம், உப்பு, நீரோட்டம் எல்லாவற்றையும் வருடம் முழுக்கப் பதிவுசெய்வது அதன் வேலை. அதை உருவாக்கியதில் பெரும்பங்கு நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துடையது. வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும்போது எத்தனையோ முறை அந்தப் பலகையைப் பார்த்திருப்போம். அங்கே கைபட்ட கருவி இங்கே இருட்டில் நின்று, அட்லாண்டிக் நீர் எந்த மாதம் உள்ளே வந்தது என்று குறித்துவைக்கிறது. குளிர்காலத்தில் ஆய்வுக் கப்பல்கள் வர முடியாத காலத்திலும் ஓர் எண் தவறாமல் சேர்கிறது. கடல் மாறுவதை நிரூபிக்க இப்படிப்பட்ட பொறுமையான வேலைதான் வேண்டும்.

மதியம் ரப்பர் படகில் ஃபியோர்டின் உட்கோடிக்குப் போனோம். க்ரோனபிரேன் பனியாறு கடலில் வந்து முடிகிறது. ஒரு துண்டு உடைந்து விழுந்தது, படகில் எல்லாரும் ஆர்ப்பரித்தார்கள், எல்லாக் கைகளிலும் கேமரா. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. அது உடைவது இயல்பும்கூட, கடலில் முடியும் பனியாறு உடையத்தான் செய்யும், ஆனால் இது வருடா வருடம் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ப்ளோம்ஸ்ட்ராண்ட் என்று ஒரு நிலம், வரைபடத்தில் தீபகற்பம் என்றே போட்டிருந்தார்கள். பனியாறு பின்வாங்கியதும் 1990களில் பார்த்தால் அது ஒரு தீவு.

பனியாற்றின் அடியிலிருந்து கலங்கிய உருகுநீர் மேலே பொங்கும் இடத்தில் கிட்டிவேக் கடற்காகங்கள் நூற்றுக்கணக்கில் மொய்த்தன. உருகுநீர் மேலேறும்போது ஆழத்திலிருக்கும் சிறு உயிர்களையும் இழுத்துக்கொண்டு வருகிறது, பறவைகளுக்கு அதுதான் சாப்பாடு. பனியாறு கரையேறிவிட்டால் இந்தப் பொங்குதல் நின்றுவிடும்.

சரி, நான் கேட்க நினைத்தது வேறு. இந்த ஃபியோர்டில் கடல் பனி உறையாமல் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? எங்கள் வழிகாட்டிப் பெண் பல வருடங்களாக இந்தக் கடலில் வேலை செய்பவர். சொன்னது இது: வளைய சீல்கள் கடல் பனிமேல் படிந்திருக்கும் பனிக்குவியலைக் குடைந்து அதற்குள்தான் குட்டி போடும். பனி இல்லை என்றால், அல்லது பனி இருந்தும் குடையுமளவு குவியல் சேரவில்லை என்றால், குட்டி வெட்டவெளியில் கிடக்கும். கரடி மட்டுமில்லை, பெரிய கடற்காகம்கூட அதைக் கொன்றுவிடும்.

புதன், வடமேற்கு மூலை

இன்று வரலாற்றில் ஒரு நாள். ஆம்ஸ்டர்டாம் தீவின் தட்டையான கரையில் ஸ்மீரன்பர்க் என்ற இடம். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் திமிங்கலக் கொழுப்பைக் காய்ச்சி எண்ணெய் எடுத்த நிலையம். அடுப்புகளின் வட்டச் சுவடுகள், கொழுப்பும் மணலும் இறுகிக் கல்லானவை, இன்னும் இருக்கின்றன. 1946க்கு முந்தைய எந்தச் சுவடையும் தொடக்கூடாது என்பது இங்கே சட்டம். நாங்கள் படகிலிருந்தபடியே பார்த்தோம்.

அவர்கள் வேட்டையாடியது வில்தலைத் திமிங்கலம். பனியோடு வாழ்வது, முதுகால் பனியை உடைத்து மூச்சு விடக்கூடியது, 200 வருடம்வரை உயிர்வாழக்கூடியது. ஆயிரமாயிரமாகக் கொன்றார்கள். இந்தப் பக்கத்துக் கடலில் இன்று மிஞ்சியிருப்பவை சில நூறு. அவை தப்பியதே வேட்டைக் கப்பல்கள் நுழைய முடியாத அடர்ந்த பனிக்குள் இருந்ததால். இன்று அந்தப் பனியே விலகுகிறது என்று நினைக்கும்போது எனக்குப் பேச வரவில்லை.

மாலையில் 80 டிகிரியைத் தாண்டினோம். மோஃபன் என்ற தட்டைத் தீவில் வால்ரஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. 300 மீட்டருக்குள் போகக்கூடாது, தூரத்திலிருந்து தொலைநோக்கியில்தான். இவற்றையும் தந்தத்துக்காக ஏறக்குறைய அழித்துவிட்டார்கள். 1952இல் வேட்டையைத் தடைசெய்தபோது விரல்விட்டு எண்ணும் நிலை, இன்று ஆயிரக்கணக்கில். இந்தக் காட்சி எனக்குத் தெம்பு தந்தது. ஒரு நாடு ஒரு சட்டம் போட்டு அதைக் காப்பாற்றினால் பலன் வருகிறது. கடல் பனிக்கு நார்வே மட்டும் சட்டம் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, அதுதான் சிக்கல். நம் அனல்மின் நிலையமும் கணக்கில் வருகிறது.

வியாழன், பனி விளிம்பு

காலை நான்கு மணிக்குக் கப்பலின் சத்தம் மாறியதில் விழித்துக்கொண்டேன். அடிப்பகுதியில் ஏதோ உரசும் ஒலி. மேல்தளத்துக்கு ஓடினால், பனி. தட்டுத் தட்டாக, நடுவே கறுப்புத் தண்ணீர், வடக்கே போகப் போக நெருக்கமாகிக் கடைசியில் வெள்ளைக் கோடாக முடிகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே வானமும் வெளுத்துத் தெரிகிறது. கீழேயுள்ள பனியின் ஒளி மேகத்தில் பட்டுத் தெரிவது அது. பழைய மாலுமிகள் அதை வைத்தே பனி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களாம்.

இது நேற்று முன்தினம் பார்த்த பனியாறு இல்லை. பனியாறு நிலத்தில் விழுந்த பனி இறுகி வழிவது, நன்னீர். அது உருகினால் கடல் மட்டம் உயரும். இது கடலே உறைந்தது. உப்புத் தண்ணீர் மைனஸ் 1.8 டிகிரி வாக்கில் உறையும்போது உப்பை வெளியே தள்ளும், அந்தக் கனத்த உப்புநீர் கீழே இறங்கும். ஏற்கெனவே மிதந்துகொண்டிருப்பதால் கடல் பனி உருகுவதால் கடல் மட்டம் ஏறாது. அதைச் சொல்லிவிட்டு "அப்படியானால் என்ன கவலை" என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கவலை வேறு இடத்தில் இருக்கிறது.

ஒன்று, ஒளி. பனி போர்த்திய கடல் பனி தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். திறந்த கடல் நூற்றுக்குத் தொண்ணூறுக்குமேல் விழுங்கிக்கொள்ளும். விழுங்கிய வெப்பம் இலையுதிர் காலத்தில் பனி உறைவதைத் தாமதப்படுத்தும், தாமதமாக உறைந்த பனி மெல்லியதாக இருக்கும், மெல்லிய பனி அடுத்த கோடையில் சீக்கிரம் போய்விடும்.

இரண்டு, தண்ணீரின் அடுக்கு. இதை நான் இந்தப் பயணத்தில்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். ஸ்வால்பார்டுக்குக் கிழக்கே உள்ள பாரன்ட்ஸ் கடலில் மேலே குளிர்ந்த, உப்புக் குறைந்த நீர், கீழே வெதுவெதுப்பான, உப்பு மிகுந்த அட்லாண்டிக் நீர். உப்புக் குறைந்தது லேசு என்பதால் மேலேயே நிற்கும், கீழே உள்ள சூட்டை ஏறவிடாது. அந்த மேல் அடுக்குக்கு நன்னீர் தருவது வடக்கிலிருந்து மிதந்து வந்து உருகும் கடல் பனிதான். வரத்து குறைந்தால் மேல் அடுக்கின் உப்பு ஏறும், இரண்டும் கலக்கத் தொடங்கும், சூடு மேலே வரும், இன்னும் பனி உறையாது. வடக்கு பாரன்ட்ஸ் கடலில் இந்த நூற்றாண்டில் இதுதான் நடந்துவருகிறது. அதாவது ஓர் ஆர்க்டிக் கடல் அட்லாண்டிக் கடலாக மாறிக்கொண்டிருக்கிறது. வெப்பமானியைத் திருப்பிவைத்தாலும் இந்த மாற்றம் உடனே திரும்பிவிடாது.

மூன்றாவது, உயிர். கப்பல் ஒரு தட்டை முட்டிப் புரட்டியபோது அதன் அடிப்பக்கம் தெரிந்தது, பழுப்பு நிறம், அழுக்கு போல. அழுக்கில்லை, பாசி. கடல் பனியின் அடிப்பரப்பு தலைகீழாகக் கிடக்கும் வயல். வசந்தத்தில் சூரியன் திரும்பியதும், தண்ணீரில் வேறெதுவும் வளர்வதற்கு முன்பே, பனியை ஊடுருவி வரும் மங்கல் வெளிச்சத்தில் இந்தப் பாசி வளர்ந்துவிடும். அதைத் தின்று கொழுப்பவை அரிசிமணி அளவுகூட இல்லாத கோபிபாட் என்ற கூனி வகை உயிர்கள். அவற்றைத் தின்பது துருவக் காட் மீன், மீனைத் தின்பது சீல், சீலைத் தின்பது கரடி. ஆர்க்டிக் கோபிபாட் உடம்பு முழுக்கக் கொழுப்பு. அட்லாண்டிக் நீரோடு வரும் அதன் உறவினம் சின்னது, கொழுப்பு பலமடங்கு குறைவு. கோபிபாட்டைத் தின்னும் லிட்டில் ஆக் என்ற குட்டிப் பறவை அதே அளவு தீனியை எடுத்துவர இன்னும் அதிகத் தூரம் பறக்க வேண்டியிருக்கிறது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோள் பதிவு 1978 கடைசியில் தொடங்குகிறது. ஒவ்வொரு செப்டம்பரிலும் பனி மிகக் குறைவாக இருக்கும். இதுவரை மிகக் குறைந்தது 2012இல், சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர். அதற்குப் பிறகு அந்தச் சாதனை முறியவில்லை என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். ஆனால் 2007க்குப் பிறகு ஒரு வருடம்கூடப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2025 மார்ச்சில், பனி உச்சத்தில் இருக்க வேண்டிய மாதத்தில், அந்த உச்சமே அதுவரையிலான பதிவிலேயே மிகக் குறைவு, சுமார் 143 லட்சம். பரப்பைவிட எனக்கு அச்சமாக இருப்பது வயது. 1980களின் நடுவில் மார்ச் மாதப் பனியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நான்கு வருடத்துக்குமேல் தாக்குப்பிடித்த தடித்த பனி. இன்று அது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. வரைபடத்தில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் ஒரு குளிர்காலத்துப் பனி.

காலை முழுவதும் தேடியும் கரடி தென்படவில்லை. சீல்கள் இரண்டு, தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் நழுவின. சில பயணிகளுக்கு ஏமாற்றம். எனக்கு இந்தப் பனியே போதும் என்று இருந்தது. உடையும் பனியாற்றைப் படம் எடுக்கலாம், போன குளிர்காலத்தில் உறையாமல் விட்ட கடலை எப்படிப் படம் எடுப்பது? எங்கள் கப்பல் நிற்கும் இதே இடம் முப்பது வருடத்துக்கு முன்னால் ஜூலை தொடக்கத்தில் எப்படி இருந்தது என்று மாலுமியறையில் பழைய வரைபடத்தை விரித்துக் காட்டினார்கள். பனி விளிம்பு எங்களுக்கு வெகு தெற்கே, தீவுகளை ஒட்டி ஓடுகிறது. ஆண்டுக்கு ஆண்டு மாறும்தான். இருந்தும், எங்கள் கப்பல் போன்ற ஒன்று அன்றைக்கு இங்கே வந்திருக்கவே முடியாது.

வெள்ளி, ஹின்லோபன் நீரிணை

அல்கஃபெல்லெட் குன்று. செங்குத்தாக நூறு மீட்டர், ஒவ்வொரு விளிம்பிலும் கில்லமாட் பறவைகள், சுமார் 60,000 ஜோடி என்று கணக்கு. இரைச்சலும் நாற்றமும் சொல்லி மாளாது. கூடு கட்டாமல் வெறும் பாறை விளிம்பில் ஒரே ஒரு முட்டை. இன்னும் சில வாரத்தில் பறக்கத் தெரியாத குஞ்சு கீழே கடலுக்குக் குதிக்கும், கூடவே அப்பா பறவை போகும். இவ்வளவைப் பார்த்துவிட்டு இது குறைந்துகொண்டிருக்கும் இனம் என்றால் நம்ப முடியவில்லை. ஆனால் ஸ்பிட்ஸ்பெர்கனில் வருடா வருடம் எண்ணும் குன்றுகளில் 1990களின் கடைசியிலிருந்து எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வருகிறது.

திரும்பும் வழியில் ஒரு சிறு தீவில் கரடி. பனியில் இல்லை, பாசி படிந்த கல்லில். வாத்துக் கூடுகளுக்குள் மூக்கை நுழைத்து முட்டைகளைத் தின்றுகொண்டிருந்தது. 2025இலிருந்து கோடையில் 300 மீட்டரும், மார்ச்சிலிருந்து ஜூன் கடைசிவரை 500 மீட்டரும் விலகி நிற்க வேண்டும், கேப்டன் அதைவிடத் தள்ளியே நிறுத்தினார். பனி சீக்கிரம் விலகும் வருடங்களில் கரையில் மாட்டிக்கொண்ட கரடிகள் கூடுகூடாகக் காலிசெய்வது மேற்குக் கரையில் வழக்கமாகிவிட்டது, மான்களையும் துரத்துகின்றன.

எலும்பும் தோலுமான கரடி ஒன்றை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது குழப்பமாக இருந்தது, ஏனென்றால் கரடி கொழுத்துத்தான் இருந்தது. வழிகாட்டி மழுப்பவில்லை. 1973இல் வேட்டை நின்ற பிறகு இங்கே கரடிகள் மீண்டு வந்தன, இந்தப் பகுதியில் அவை சரிந்துவிட்டதாக இதுவரை தெரியவில்லை, ஆனால் உலகிலுள்ள கரடிக் கூட்டங்களில் பனியை மிக வேகமாக இழப்பதும் இந்தப் பாரன்ட்ஸ் கடல் கூட்டம்தான் என்றார். கிழக்கே ஹோப்பன் தீவில் இலையுதிர் காலத்தில் பனி தாமதமாக வந்தால் சினைக் கரடிகள் அங்கே போய்ச் சேர முடிவதில்லை, குகைகள் காலியாகவே கிடக்கும். இந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஒரே ஒரு மெலிந்த கரடியின் படத்தை வைத்துப் பேசினால், நாளைக்கு ஒரு கொழுத்த கரடியின் படத்தைக் காட்டி எல்லாம் பொய் என்பார்கள்.

சனி, கடலில்

முழு நாளும் பயணம், மூடுபனி, எழுத அதிகமில்லை. சாப்பாட்டு மேசையில் பேச்சு, வடக்கே திறக்கும் கடல்வழி பற்றிப் போனது. சிலருக்கு அதில் உற்சாகம், சரக்குக் கப்பல்கள் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குச் சீக்கிரம் போகலாமாம். நான் மத்திய ஆர்க்டிக் மீன்பிடி ஒப்பந்தத்தைச் சொன்னேன். 2018இல் கையெழுத்தானது, 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. பனி விலகினாலும் அங்கே வணிக மீன்பிடிப்பு 16 வருடத்துக்கு வேண்டாம், முதலில் என்ன இருக்கிறது என்று ஆராய்வோம் என்று ஒன்பது நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒத்துக்கொண்டன. மீன்பிடிப்பு தொடங்கும் முன்பே தடுத்தது பெரிய விஷயம்.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 2021இல் இந்திய ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று, ரஷ்யாவுக்கு வடக்கே உள்ள காரா கடலில் கோடைப் பனி குறைவதற்கும் மத்திய இந்தியாவில் செப்டம்பரில் பெய்யும் பெருமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதியது. 'இருக்கலாம்' என்றுதான் எழுதினார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

ஞாயிறு, மறுபடி லாங்யியர்பியென்

விமானத்துக்கு முன் அரை நாள் இருந்தது. விதைப் பெட்டகத்தின் வாசல்வரை போனேன். உலகத்து விதைகளைப் பாதுகாக்க, உறைந்த மலை என்றும் உறைந்தே இருக்கும் என்று நம்பி 2008இல் திறந்தார்கள். 2016 அக்டோபரில் மழையும் உருகுநீரும் நுழைவுச் சுரங்கத்துக்குள் புகுந்தன. விதைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் சுரங்கத்தையே மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று.

ஊரில் நிலக்கரி மின் நிலையம் 2023இல் நின்றது, இப்போது டீசல். நார்வேக்கு இங்கே மிஞ்சியிருந்த கடைசிச் சுரங்கம் 2025இல் மூடப்பட்டது. நூறு வருடத்துக்கும் மேலாக இந்த ஊர் வாழ்ந்ததே அதை வைத்து. மூடியது சரி என்றே நினைக்கிறேன், வேலை இழந்தவர்கள் வருத்தப்படுவதும் நியாயம்.

ஆராய்ச்சிக் கண்காட்சியில் நீலச் சிப்பி ஓடுகளைப் பார்த்தேன். ஏறக்குறைய ஆயிரம் வருடமாக ஸ்வால்பார்டில் இல்லாமலிருந்த சிப்பி, 2004இல் இஸ்ஃபியோர்டின் வாயில் உயிரோடு கிடைத்தது. சூடான நீரோட்டத்தில் அதன் குஞ்சுகள் வந்து ஒட்டிக்கொண்டன. கைக்குள் அடங்கும் ஓடு, அவ்வளவுதான். பனியாறு உடைந்ததைவிட இது என்னை உலுக்கியது.

படித்துவிட்டுச் சிலர், நாங்களும் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன்: படத்துக்காகப் போக வேண்டாம். விமானமும் கப்பலும் எரிக்கும் எண்ணெய் சின்னக் கணக்கில்லை. போவதாக முடிவுசெய்தால் பயணிகள் குறைவான கப்பலைத் தேர்ந்தெடுங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஒரு கப்பலுக்கு 200 பயணிகள் என்ற வரம்பும் 2025இலிருந்து இருக்கிறது. கரையிறங்கும் இடம் குறைந்துவிட்டது என்று கப்பல்காரரிடம் சண்டை போடாதீர்கள். போகாதவர்களுக்கு, நார்வே வானிலை நிறுவனம் வாரநாட்களில் ஸ்வால்பார்ட் கடல் பனி வரைபடத்தை வெளியிடுகிறது, இலவசம். பிப்ரவரியில் அதைத் திறந்து இஸ்ஃபியோர்டு என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் எழுதுங்கள், ஓஸ்லோ போய்ச் சேர்ந்ததும் பதில் போடுகிறேன்.